ஸ்லீன் ஊர்ச் செருப்புத் தைப்பவர் அந்தோனின் பாட்டாவும் அவர் வம்சமும்

நூல்வழி எழுதியது:

குடும்ப வரலாறு என்றாலே இங்கே ஜமீன், அரண்மனை, செட்டிநாட்டு வீடு என்றுதான் பேச்சு போகிறது. கைத்தொழில் செய்து பிழைத்த ஒரு குடும்பத்தைப் பற்றியும் பேசுவோமே என்றுதான் இந்த இழை. நம் எல்லார் வீட்டு வாசலிலும் கிடந்த பெயர்தான்: பாட்டா.

பாட்டா நம் நாட்டுக் கம்பெனி என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. அது ஒரு குடும்பத்தின் பெயர். இன்றைய செக் குடியரசின் கிழக்கே மொராவியாவில் இருக்கிறது ஸ்லீன். 1890களில் மூவாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே இந்தக் குடும்பம் வழிவழியாகச் செருப்புத் தைத்தது. 1667ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பாட்டா என்ற செருப்புத் தைப்பவர் ஒருவர் வருகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டறை அந்தோனின் பாட்டா கைக்கு வந்தது. தைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரச் சந்தைகளுக்குப் போய் விற்பார். பிள்ளைகளும் கூடவே போவார்கள்.

அவருக்கு முதல் மனைவி மூலம் அந்தோனின், அன்னா, தோமாஷ் என்று மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு அப்பா பெயரே. தோமாஷ் பிறந்தது 1876 ஏப்ரல் 3. பட்டறையில் வெட்டிப் போட்ட துண்டுத் தோலை எடுத்து, பொம்மைக்குப் போடுகிற அளவில் குட்டிக் குட்டிச் செருப்பு தைப்பானாம் அந்தச் சிறுவன். பத்து வயதில் தாய் இறந்தாள். அப்பா மறுமணம் செய்துகொண்டு உஹெர்ஸ்கே ஹ்ராதிஷ்டே என்ற பக்கத்து ஊருக்குக் குடும்பத்தை மாற்றினார். அந்த இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளில் ஒருவர்தான் 1898இல் பிறந்த யான் அந்தோனின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1894இல் முதல் தாரத்துப் பிள்ளைகள் மூவரும் ஸ்லீனுக்கே திரும்பி வந்து தனிப் பட்டறை போட்டார்கள். கையில் இருந்தது 800 கில்டர், அம்மா வழியில் வந்த பணம். ஒரு வருடத்துக்குள் கடன் கழுத்தை நெரித்தது. அண்ணனை ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். தோல் வாங்கக் காசில்லை. தோமாஷ் கித்தான் துணியை எடுத்து, தோலைக் கொஞ்சமாகச் சேர்த்து, மலிவான ஷூ தைத்தார். அது விற்றது, விற்றுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதன் பூர்வீகம் கையில் காசில்லாத அந்தப் பட்டறை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1904இல் தோமாஷ் அமெரிக்காவின் லின் நகரத்துக்குப் போய், ஷூ தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக நின்று இயந்திர உற்பத்தியைக் கற்றார். 1908இல் அண்ணன் காசநோயில் இறந்தார். அன்னா முன்பே திருமணமாகிப் போயிருந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு பூட்ஸ் தைத்துக் கம்பெனி பெருத்தது. 1923இல் தோமாஷ் ஊரின் மேயர் ஆனார். 1932 ஜூலை 12 அதிகாலையில் மூடுபனியில் விமானம் ஏறினார். ஒட்ரொகோவிட்சேயில் கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்து, அவரும் விமானியும் இறந்தார்கள்.

ஒரு கைத்தொழில் குடும்பம் தன் பெயரோடும் கதையோடும் இத்தனை தலைமுறை ஆவணத்தில் நிற்க எது வழிவிட்டது? எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

கிள்ளான்வாசி எழுதியது:

அருமையான இழை அண்ணா. மலேசியாவில் பள்ளி திறக்கும் மாதம் வந்தால் முதலில் பாட்டா கடை, அப்புறம்தான் பள்ளிக்கூடம். விளம்பரமே அப்படித்தான் வரும். கிள்ளானில் அவர்கள் தொழிற்சாலையும் இருந்தது. எங்கள் அப்பா அதை உள்ளூர்க் கம்பெனி என்று அடித்துச் சொல்வார்.

ஒரு சந்தேகம். 1667இல் ஒரு சின்ன ஊரில் செருப்புத் தைத்தவர் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறுவதற்கு முன்னால் எந்த ஊரில் இருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

கிள்ளான் தம்பிக்கு. அங்கே மூன்று கை எழுதின.

ஒன்று தேவாலயம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் பாதிரியார் பதிந்தார். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அந்தப் பதிவேடுகளை அரசு ஆவணமாகவே ஆக்கி, இன்ன கட்டத்தில் இன்னது எழுத வேண்டும் என்று வரையறுத்தார். 1770 முதல் வீடுகளுக்கு எண் கொடுத்திருந்ததால், எந்த எண் வீட்டில் பிறந்தது, அப்பா என்ன தொழில் செய்தார், தாயின் பெற்றோர் யார் என்பதெல்லாம் ஒரே வரியில் கிடைக்கிறது. இந்தப் பதிவேடுகளை பிர்னோவில் உள்ள மொராவிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பெரும்பாலும் ஜெர்மன், லத்தீன், செக் கையெழுத்து. பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், ஆனால் பழகிவிடும்.

இரண்டாவது, தொழிற்குழு. செருப்புத் தைப்பவர்கள், தச்சர்கள், நெசவாளர்கள் எல்லாருக்கும் ஊருக்கு ஊர் தனித்தனிக் குழு உண்டு. யார் யாரிடம் சீடனாகச் சேர்ந்தான், எப்போது கைதேர்ந்தவன் ஆனான் என்பதெல்லாம் குழுவின் புத்தகத்தில் ஏறும். ஊர் விழாவில் குழுவுக்குத் தனிக் கொடி உண்டு. செருப்புத் தைப்பவன் அந்தக் கொடியின் பின்னால் தலை நிமிர்ந்து நடந்தான். ஆஸ்திரியாவில் 1859ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் இந்தக் குழுக்களின் பிடியை உடைத்தது. பாட்டா பிள்ளைகள் பட்டறை போட்ட காலத்தில் பழைய கட்டுப்பாடு தளர்ந்திருந்தது, பழைய மரியாதை மட்டும் மிச்சம் இருந்தது.

மூன்றாவது, நிலத்துக்கும் வீட்டுக்குமான வரிப் புத்தகம். 1667ஐப் போன்ற பழைய தேதிகளைத் தேடும்போது நிலப்பிரபுவின் புத்தகங்களையும் புரட்ட வேண்டும்.

---

செங்கொடி எழுதியது:

கதை நன்றாகத்தான் இருக்கிறது தோழர் நூல்வழி. ஆனால் இன்னொரு பக்கத்தையும் வைக்க வேண்டும்.

1922இல் செக்கோஸ்லோவாக்கிய நாணயத்தின் மதிப்பு ஏறி ஏற்றுமதி படுத்தது. தோமாஷ் செப்டம்பரில் ஷூ விலையைப் பாதியாக்கினார். அதை எல்லாரும் புகழ்கிறார்கள். அதே நேரத்தில் தொழிலாளர் கூலியிலும் 40 சதம் வெட்டினார். அரிசி பருப்பு மாதிரியான அன்றாடச் சாமான்களைக் கம்பெனி பாதி விலைக்குத் தந்து ஈடுகட்டியது உண்மை. ஆனால் கூலி, வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே முதலாளி கையில் இருந்தால் தொழிலாளி எங்கே போய் முறையிடுவான்? அந்த முதலாளியே மேயர் வேறு. தொழிற்சங்கம் என்றால் அவருக்கு ஆகாது.

1924இல் கொண்டு வந்த லாபப் பங்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தனிக் கணக்கு வைத்து, அடுத்த பிரிவிடம் சரக்கை விலைக்கு வாங்கி விற்கிற மாதிரி நடத்தினார்கள். லாபத்தில் பங்கு கிடைத்தது, நட்டத்திலும் பங்கு விழுந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: எட்டுத் தலைமுறை செருப்புத் தைத்த குடும்பத்துப் பிள்ளை, மற்ற செருப்புத் தைப்பவர்களின் பிழைப்பை எடுத்துவிட்டார். அவர்கள் கடையில் புது ஷூவும் மலிவு, பழுது பார்ப்பதும் மலிவு. பக்கத்து ஊரில் ஒற்றை ஆளாகத் தைத்தவன் என்ன செய்வான்? சுவிட்சர்லாந்தில் 1930களில் சிறு தொழிலைக் காக்கச் சட்டமே போட வேண்டி வந்தது. மக்கள் அதற்கு பாட்டா சட்டம் என்றே பெயர் வைத்தார்கள்.

---

நூல்வழி எழுதியது:

தோழர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே கம்பெனி 1938, 1939இல் யூதத் தொழிலாளர்கள் பலரைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றி உயிர் காத்ததும் உண்மை.

வம்சத்தின் மீதிக் கதைக்கு வருகிறேன். இது சுத்தமான பங்காளிச் சண்டை. நம்மூர் கோர்ட்டில் இழுக்கிற சொத்து வழக்குக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

தோமாஷ் இறந்தபோது அவருடைய ஒரே மகன் தோமாஷ் யானுக்கு 17 வயது. கம்பெனி இரண்டாம் தாரத்துத் தம்பி யான் அந்தோனின் கைக்குப் போனது. அவர் சளைத்தவர் இல்லை. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் பாட்டா நகர் எழுந்தது இவர் காலத்தில்தான். ஸ்லீனின் செங்கல் வீடுகளை வரிசை மாறாமல் வங்காளச் சேற்றில் கொண்டுவந்து வைத்தார்கள். 1938இல் ஸ்லீனில் 16 மாடித் தலைமை அலுவலகம் கட்டி, அதில் தன் அறையையே லிஃப்டாகச் செய்துகொண்டார். மேஜை, தொலைபேசி, கைகழுவும் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. எந்த மாடியில் வேலை செய்பவரும் முதலாளி அறைக்கு வர வேண்டாம், அறை அவரிடம் போகும்.

அடுத்த ஆண்டே ஹிட்லர் நாட்டைப் பிடித்தான். அண்ணன் மகன் தோமாஷ் யான் கனடாவுக்குப் போய், ஸ்லீனிலிருந்து வந்த நூறு குடும்பம் போல வைத்துக்கொண்டு ஒண்டாரியோவில் பாட்டாவா என்ற ஊரைத் தொடங்கினார். சித்தப்பா அமெரிக்கா போய், 1941இல் பிரேசிலுக்குக் குடியேறி, அங்கே பாட்டாகுவாசு, பாட்டாய்போரா என்று ஊர்களை உண்டாக்கினார். போர் முடிந்ததும் ஸ்லீன் ஆலையை அரசு எடுத்துக்கொண்டது. ஜெர்மானியருக்கு எதிரான போராட்டத்தை வெளிப்படையாக ஆதரிக்கவில்லை என்று யான் அந்தோனினுக்கு 1947இல், அவர் இல்லாமலே, 15 வருடத் தண்டனை விதித்தார்கள். 1949இல் ஊரின் பெயரையே கோட்வால்டோவ் என்று மாற்றினார்கள்.

வெளிநாடுகளில் மிஞ்சிய கம்பெனி யாருக்கு? தோமாஷின் மனைவியும் மகனும் ஒரு பக்கம், யான் அந்தோனின் இன்னொரு பக்கம். பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. 1960களின் தொடக்கத்தில் சித்தப்பா விட்டுக்கொடுத்தார். 1965இல் சாவ் பாவ்லோவில் இறந்தார். 2007இல்தான் பிராக் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. அவர் பேத்திகள் அதற்காக விடாமல் போராடினார்கள்.

அண்ணன் மகன் 1989 டிசம்பரில், கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த கையோடு, ஸ்லீனுக்கு வந்தார். சதுக்கத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. 2008இல் டொராண்டோவில் காலமானார். அவர் மனைவி சோன்யா சேர்த்த காலணிகள்தான் 1995இல் அங்கே திறந்த பாட்டா காலணி அருங்காட்சியகம். ஐதராபாத் நிசாம் சிக்கந்தர் ஜாவின் தங்கவேலை செய்த காலணிகூட அங்கே இருக்கிறது. கம்பெனி இன்றும் குடும்பத்தின் கையில்தான், தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில்.

---

மலைக்காற்று எழுதியது:

ஒரு கிளைச் செய்தி. நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் 1937இல் ஸ்லீனில்தான் பிறந்தார். அப்பா பாட்டா ஆஸ்பத்திரி டாக்டர், யூதர். கம்பெனி அவர்களைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. ஜப்பான்காரன் வந்தபோது அப்பா இறந்துபோக, அம்மா பிள்ளைகளோடு இந்தியாவுக்கு வந்தார். டார்ஜிலிங்கில் பாட்டா கடை ஒன்றை அந்த அம்மாதான் நடத்தினார்.

---

கவலைக்காரன் பேரன் எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதுகிறேன்.

நாங்கள் கொங்குப் பக்கம், அருந்ததியர். தாத்தா செருப்பும் தைத்தார், கிணற்றில் கவலை இறைக்கிற சாலுக்குத் தோல் வாலும் தைத்தார். மாட்டை வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் அந்த வால் இல்லாமல் ஒரு தோட்டமும் இல்லை. குத்தூசியால் துளை போட்டு, தோல் வாரையே நூலாக இழுத்து, தண்ணீர் ஒழுகாமல் தைக்க வேண்டும். தாத்தாவின் வலது கட்டைவிரல் நகம் அந்த வாரை இழுத்து இழுத்தே பள்ளமாகிப் போயிருந்தது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கூலி ரொக்கமாக வராது. அறுவடையில் களத்துக்குப் போய் நின்றால் கம்போ சோளமோ அளந்து போடுவார்கள். கரண்ட் வந்து மோட்டார் வைத்ததும் கவலை போனது. பாட்டாவும் ரப்பர் செருப்பும் வந்ததும் மீதி வேலையும் போனது. ஆகவே செங்கொடி அண்ணன் சொன்ன அந்த ஒற்றை ஆள் எங்கள் தாத்தாவும்தான்.

ஆனால் எனக்கு வலிக்கிற இடம் அது இல்லை. ஸ்லீனில் செருப்புத் தைத்தவர் கொடி பிடித்து ஊர்வலம் போனார் என்று ஆவணப்பித்தன் ஐயா எழுதினார். எங்கள் தாத்தா ஊருக்குள் செருப்பைக் காலில் போட்டு நடக்க முடியாது. தான் தைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடப்பார். தோமாஷ் கடனில் மூழ்கியபோது அவருக்குத் துணி கொடுக்கவும் சரக்கு வாங்கவும் ஆள் இருந்தது. அவர் மேயர் ஆனபோது 'செருப்புத் தைப்பவன் மேயரா' என்று யாரும் கிணற்றை மூடவில்லை. தொழில் ஒன்றுதான், தோலும் ஊசியும் ஒன்றுதான். எங்களிடம் 800 கில்டர் இல்லை என்பதைவிட, இருந்திருந்தாலும் கடைவீதியில் கடை தந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியும். அவருக்கு மேலே தெரியாது. எங்கே தேடுவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

நூல்வழி எழுதியது:

நான் இழையைத் தொடங்கிக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நன்றி தம்பி. பாட்டா குடும்பத்தின் திறமையையும் உழைப்பையும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உழைப்பு மேலே ஏறுவதற்கு ஊர் படி போட்டது. இங்கே அதே உழைப்புக்கு ஊர் வேலி போட்டது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதம் உள் ஒதுக்கீடு வந்தபோது ஏன் தனியாக என்று கேட்டவர்கள் உங்கள் பதிவைப் படிக்க வேண்டும்.

---

செங்கொடி எழுதியது:

தம்பி, நான் முதலாளி-தொழிலாளி என்று மட்டும் பார்த்தேன். நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டத்தில் வாசிக்கலாமா? உங்கள் பெயரும் ஊரும் வராது.

---

கவலைக்காரன் பேரன் எழுதியது:

தாராளமாக வாசியுங்கள் அண்ணா.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

தம்பி, தேடும் இடங்களைச் சொல்கிறேன். பலருக்கும் பயன்படும், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நிலப் பதிவேட்டில் தொடங்காதீர்கள். எல்லாரும் முதலில் அ-பதிவேட்டைத்தான் சொல்வார்கள். அதில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும், நிலமே இல்லாதவர் அதில் வர மாட்டார். அவர்கள் கிடைக்காததால் அவர்கள் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒரு விஷயத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

முதலில் தொடக்கப் பள்ளி. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளை பெயர், அப்பா பெயர், அப்பா தொழில், சாதி எல்லாம் இருக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால், அது முன்பு லேபர் ஸ்கூலாக, அதாவது பிரிட்டிஷ் காலத்தில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டவர் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளியாக, இருந்ததா என்று கேளுங்கள். அந்தக் காலப் புத்தகம் பீரோவின் அடியில் கிடக்கலாம். தலைமை ஆசிரியரிடம் கடிதம் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

இரண்டாவது, உறவில் யாராவது கிறிஸ்தவர் ஆனார்களா என்று விசாரியுங்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் லண்டன் மிஷன் வேலை செய்தது. அந்தச் சபைகள் இன்று சி.எஸ்.ஐ. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். பங்காளி ஒருவர் அதில் இருந்தாலே உங்கள் கொடிவழியைப் பிடித்துவிடலாம். மிஷனின் கடிதங்கள் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேடு. ஊர்ப்பணி செய்தவர்களுக்கு மானியமாக விட்ட நிலம் அதில் ஊர்வாரியாக இருக்கிறது. தோட்டி, வெட்டியான் மானியங்களைப் புரட்டும்போது உங்கள் ஊருக்குத் தோல் வேலைக்கு மானியம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அனுபவித்தவர் பெயரும் வரும்.

கிள்ளான் தம்பி மாதிரி கடல் தாண்டிப் போன கிளை இருந்தால் அதையும் விடாதீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன அருந்ததியர் குடும்பங்கள் நிறைய. அங்கே பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பூர்வீக ஊர் சில சமயம் எழுதியிருக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் குலதெய்வக் கோயில் எது, யார் யாருக்கு அங்கே வரி, அதாவது கோயிலுக்குக் கட்டும் பங்குப் பணம், இருக்கிறது என்று கேளுங்கள். வரி கட்டுகிற வீடுகள்தான் உங்கள் பங்காளிகள். அதில் வயதான ஒரு பாட்டியிடம் ஒலிப்பதிவு வைத்து, யார் பெயரை யாருக்கு வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் இருந்தால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் தானாக வந்து நிற்கும். அங்கே அந்தோனின் மகனே அந்தோனின், இங்கே தாத்தா பெயர் பேரனுக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த வாரம் எழும்பூர் போகிறேன், இனாம் பதிவேட்டில் அந்த ஊரை நானே பார்த்துச் சொல்கிறேன்.